விசாரிக்கிற சபை



இம்மாதம் ஒரு கசப்பான காரியத்தைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். பிழைப்பைத் தேடிச் சொந்த ஊரை விட்டு மும்பை, புனே, பெங்களூரு, தில்லி போன்ற நகரங்களில் குடியேறியிருக்கிற நம்முடைய குடும்பங்களில், கணவனும் மனைவியும் உழைத்தால்தான் வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்ட முடியும். ஊரில் இருந்தால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி இருப்பார், அத்தை இருப்பார், அடுத்த வீட்டு அக்காவாவது இருப்பார். இங்கே அப்படி ஒருவரும் இல்லை. ஆகவே காலை எட்டு மணிக்கு ஒரு குழந்தைகள் காப்பகத்தின் வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டு, அதன் அழுகுரல் காதில் ஒலிக்கும்போதே ரயிலைப் பிடிக்க ஓடுகிறார்கள் நம் சகோதரிகள். நம்முடைய சபைகளிலும் சில, ஆராதனை மண்டபத்தையே வாரநாட்களில் காப்பகமாக நடத்தி வருகின்றன. அது நல்ல ஊழியம்.

ஆனால், அந்த இடத்தில் பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லை என்று ஒரு தாய் வந்து முறையிடும்போது நாம் என்ன செய்கிறோம்? இக்கேள்விக்கு நான் ஒருமுறை தவறான பதிலைக் கொடுத்தேன். அதை மறைக்காமல் உங்களுக்குச் சொல்லவேண்டியது என் கடமை.

நான் சொன்ன வார்த்தை

வேதாகமக் கல்லூரியில் பயிற்சி முடித்து மும்பைக்கு ஊழியத்திற்கு வந்த ஆரம்ப ஆண்டுகளில், நெருக்கமான சால் வீடுகளின் நடுவே எங்கள் சிறிய சபை கூடிவந்தது. வீட்டுவேலைக்கும் தையல் கூடங்களுக்கும் செல்லும் தாய்மாரின் பிள்ளைகளுக்காக மண்டபத்தில் ஒரு காப்பகம் தொடங்கினோம். ஒரு வருடத்திற்குள் 34 பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். ஒரு ஆயாம்மாவும், உதவிக்கு ஒரு இளம்பெண்ணும் இருந்தார்கள். கர்த்தர் ஊழியத்தை ஆசீர்வதிக்கிறார் என்று ஊருக்குக் கடிதம் எழுதினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்தபின்பு, ஒரு சகோதரி என்னிடம் தனியே வந்து நின்றார்கள். மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்கித் தன் மகனை வளர்த்துவந்தவர்கள். "ஐயா, தப்பாக நினைக்கவேண்டாம். இன்றைக்கு மத்தியானம் சீக்கிரம் வேலை முடிந்து வந்தேன். கதவு திறந்து கிடந்தது. என் பிள்ளை குழாயடியில் தனியாக நின்றுகொண்டிருந்தான். ஒருவரும் அவனைத் தேடவில்லை" என்றார்கள்.

அன்று என் மனம் அடுத்த வாரம் நடக்கவிருந்த கன்வென்ஷன் கூட்டங்களின்மேல் இருந்தது. "அம்மா, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லுங்கள். ஊழியத்தைக் குறித்து முறுமுறுக்க வேண்டாம். ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தச் சகோதரி வேறொன்றும் பேசவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்கள்.

பத்து நாள் சென்றபின்பு, அதே திறந்த கதவின் வழியாக மூன்று வயதுகூட நிரம்பாத ஒரு பெண்பிள்ளை வெளியே நடந்துபோனாள். தெருமுனையில் ஒரு ஆட்டோரிக்ஷா அவள்மேல் மோதியது. கர்த்தருடைய கிருபையால் உயிர் தப்பிற்று. இடது கால் எலும்பு இரண்டு இடங்களில் முறிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தபோது, முதலில் முறையிட்ட அந்தச் சகோதரி அங்கே வந்தார்கள். அவர்கள் என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவர்கள் கேட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாய் இருந்திருக்கும்.

முறுமுறுப்பும் விசாரணையும்

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். கல்லூரியில் அதைக் குறித்துத் தேர்வு எழுதியிருக்கிறேன். பலமுறை பிரசங்கித்தும் இருக்கிறேன். ஆனாலும் அன்றுதான் அதன் முதல் வசனம் என்னைக் குத்தியது.

எருசலேம் சபையிலே கிரேக்க மொழி பேசின விசுவாசிகள், தங்கள் விதவைகள் அன்றாட உதவியில் கவனிக்கப்படாமல் விடப்பட்டார்கள் என்று மனவருத்தப்பட்டார்கள். நம்மைப்போலவே வேற்று நாட்டில் வாழ்ந்து, வேற்று மொழி பேசி வந்தவர்கள் அவர்கள். அவர்கள் செய்ததை நம்முடைய தமிழ் வேதாகமம் முறுமுறுப்பு என்றே சொல்கிறது. நான் அந்தச் சகோதரியைக் கண்டித்த அதே சொல்! ஆயினும் அப்போஸ்தலர்கள் அவர்களைக் கண்டித்தார்களா? இல்லை. ஜெபிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்களா? அதுவும் இல்லை. உடனே சபையைக் கூட்டி, நற்சாட்சியும் ஞானமும் பெற்ற ஏழுபேரை அந்த வேலைக்கென்று தெரிந்தெடுக்கச் செய்தார்கள். அந்த ஏழுபேரின் பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. எல்லாம் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்களின் பக்கத்திலிருந்தே பொறுப்பாளர்கள் வந்தார்கள் என்று வேத பண்டிதர்கள் பலர் கருதுகிறார்கள். அதன் முடிவு என்ன? ஏழாம் வசனத்தின்படி தேவவசனம் விருத்தியடைந்தது. முறையீட்டை விசாரித்ததினால் ஊழியம் கெட்டுப்போகவில்லை, வளர்ந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம்முடைய வேதாகமத் தமிழில் 'விசாரித்தல்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நீதிமன்றத்தில் உண்மையைக் கேட்டறிவதும் விசாரணைதான். ஒருவரை அன்போடு பராமரிப்பதும் விசாரிப்புதான். அப்போஸ்தலர் ஆறில் விதவைகளுக்குச் செய்யும் உதவி விசாரணை எனப்படுகிறது. பேதுரு தன் முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் தேவன் நம்மை விசாரிக்கிறவர் என்கிறார். சபையைப் பராமரிப்பதைக் குறித்துப் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும் இடத்திலும் (1 தீமோத்தேயு 3:5) இதே சொல்தான் வருகிறது. அதே அதிகாரத்தில் சபைத் தலைவரின் பொறுப்புக்கு நம் முன்னோர் கொடுத்த பெயர் கண்காணிப்பு. பிரியமானவர்களே, கேட்டு விசாரியாதவன் பராமரித்து விசாரிக்கிறவனாக இருக்க முடியாது. கண்ணால் காணாதவன் கண்காணியும் அல்ல.

விசாரணை எங்கே சென்று நின்றது

மறுநாள் சபை மூப்பர்கள் கூடினார்கள். "ஆயாம்மாவை நிறுத்திவிடுவோம், காரியம் முடிந்துவிடும்" என்றார்கள் சிலர். "வெளியே தெரிந்தால் சாட்சி கெட்டுப்போகும்" என்றார்கள் வேறு சிலர். முந்தின இரவு வாசித்த வேதபகுதி என்னை விடவில்லை. எங்களுக்குள்ளாகவே முடித்துக்கொள்ளாமல், மூன்று சகோதரிகளிடம் விசாரணையை ஒப்புவித்தோம். ஒருவர் வேறு சபையைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற நர்ஸ். ஒருவர் பள்ளி ஆசிரியை. மூன்றாவது, முதலில் முறையிட்ட அந்தச் சகோதரியே.

அவர்கள் நான்கு நாள் விசாரித்தார்கள். வருகைப் பதிவேட்டைப் பார்த்தார்கள். பிள்ளை எத்தனை மணிக்கு வந்தது, யார் கையில் ஒப்படைக்கப்பட்டது என்ற குறிப்பே அதில் இல்லை. ஒரு நாள் முழுவதும் மண்டபத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆயாம்மாவிடமும், உதவிப் பெண்ணிடமும், தாய்மாரிடமும் தனித்தனியே கேட்டு எழுதினார்கள்.

அவர்கள் கண்டறிந்தது இது. கதவின் தாழ்ப்பாள் உடைந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆயாம்மா இரண்டுமுறை சொல்லியும், கன்வென்ஷன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டவன் நான். பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் இருந்தது, தாழ்ப்பாளுக்கு இல்லை. விபத்து நடந்த நேரத்தில் உதவிப் பெண் காப்பகத்தில் இல்லை. என் வீட்டில் தங்கியிருந்த பிரசங்கியாருக்கு மத்தியானச் சமையலுக்கு மீன் வாங்கிவர, அவளைக் கடைக்கு அனுப்பியிருந்தோம். முப்பத்துநான்கு பிள்ளைகளோடு ஆயாம்மா தனியே இருந்தார்கள். ஒரு குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தபோது மற்றொன்று வெளியே போயிற்று.

ஆயாம்மாவை அனுப்பிவிட்டிருந்தால், குற்றமற்ற ஒருவரைத் தண்டித்து, குற்றத்தை மண்டபத்திலேயே வைத்திருப்போம். விசாரணை என்றால் யாரையோ மாட்டிவிடுவது என்று எண்ணுகிறோம். நேர்மையான விசாரணை உழைக்கிறவர்களையும் காப்பாற்றுகிறது. அது நம்முடைய வாசலுக்கு வந்து நிற்குமோ என்ற பயமே பலமுறை நம்மைத் தடுக்கிறது.

ஜெபமும் காவலும்

"கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று நாம் சொல்லுகிறோம். உண்மைதான். ஆனால் நெகேமியா என்ன செய்தார்? நான்காம் அதிகாரத்தில் ஜெபமும் பண்ணினார், இரவும் பகலும் காவலும் வைத்தார். குழந்தை மோசேயைத் தாய் நாணற்பெட்டியில் வைத்தபோது, அவன் அக்காள் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். புதுவீட்டின் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்று உபாகமம் 22:8 கட்டளையிடுகிறது. யாரேனும் விழுந்தபின்பு அல்ல, விழுவதற்கு முன்பே கட்டவேண்டும்.

யோனத்தானின் குமாரன் மேவிபோசேத் ஐந்து வயதில் இரண்டு கால்களும் முடமானான். அவனை வளர்த்த தாதி கெட்டவள் அல்ல. அவனைக் காப்பாற்றவே தூக்கிக்கொண்டு ஓடினாள். அவசரத்தில் அவன் விழுந்தான் (2 சாமுவேல் 4:4). பிள்ளை கூட்டத்தோடுதான் வருகிறது என்று யோசேப்பும் மரியாளும் எண்ணி ஒரு நாள் பயணம் போய்விட்டார்கள். இயேசுவின் பெற்றோருக்கே அது நேரிட்டதென்றால், நல்ல மனது மட்டும் போதாது, கண்ணும் ஆளும் ஒழுங்கும் வேண்டும் என்பது விளங்குகிறதல்லவா?

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தீப்பிடித்து 94 பிள்ளைகள் மாண்டார்கள். சமையற்கூடத்தில் தோன்றிய தீ மாடியின் கீற்றுக் கூரைக்குப் பரவியது. அந்தக் கூரையும் குறுகலான படியும் யாருக்கும் மறைவாக இருக்கவில்லை. தினமும் பலர் பார்த்தவைதான். 2016 நவம்பரில் நவி மும்பையின் கார்கரில், காப்பகத்தில் விடப்பட்ட பத்து மாதக் குழந்தையைப் பணிப்பெண் அடித்த காட்சிகள் நாட்டையே உலுக்கின. பெற்றோர் காயங்களைக் கண்டு சும்மா இராமல் காவல் நிலையம் சென்றதினாலும், கண்காணிப்புக் காமிராவின் பதிவு இருந்ததினாலும் உண்மை வெளிவந்தது. பத்து மாதக் குழந்தையால் சாட்சி சொல்ல முடியாது. அதற்குப் பதிலாகப் பேசவேண்டியவர்கள் பெரியவர்கள்.

முறையீடு வந்தால் செய்யவேண்டியவை

பெற்றோரே, காப்பகம் நடத்துகிற சகோதர சகோதரிகளே, உடன் ஊழியரே, நான் விலைகொடுத்துக் கற்றுக்கொண்டவைகளை உங்களுக்குச் சொல்லுகிறேன்.

முதலாவது, வந்த முறையீட்டை அன்றே எழுதுங்கள். யார், எந்த நாள், எந்த நேரம், என்ன கண்டார்கள் என்பதைச் சொன்னவரின் வார்த்தைகளிலேயே எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பிள்ளையின் உடலில் காயம் இருந்தால், முதலில் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். காமிரா இருக்குமானால் பதிவை அன்றே பாதுகாத்து வைக்கச் சொல்லுங்கள். பழைய பதிவுகள் சில நாட்களில் தாமாகவே அழிந்துபோகும்.

இரண்டாவது, இடத்தைச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். கதவும் தாழ்ப்பாளும், மாடிப்படியும் ஜன்னலும், மின்சார பிளக்கும் எரிவாயு சிலிண்டரும் எப்படி இருக்கின்றன? பினாயிலும் மருந்துகளும் எட்டும் உயரத்தில் இருக்கின்றனவா? தண்ணீர் வாளி திறந்திருக்கிறதா? தவழும் குழந்தைக்குச் சில அங்குலத் தண்ணீரே போதும். பிள்ளைகளை எண்ணுங்கள், பார்த்துக்கொள்கிறவர்களையும் எண்ணுங்கள். அரசின் தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டம், 25 பிள்ளைகளுக்கு மிகாமல், ஒரு பணியாளரும் ஒரு உதவியாளரும் இருக்கவேண்டும் என்று வகுத்திருந்தது. நாங்கள் 34 பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, அதை ஆசீர்வாதம் என்று அழைத்தோம்.

மூன்றாவது, "இடையில் பெற்றோர் வரக்கூடாது" என்று சொல்லும் காப்பகத்தைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள். 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலைசெய்யும் நிறுவனங்களில் காப்பக வசதி இருக்கவேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்குமுறை அங்கே சென்று பிள்ளையைப் பார்க்கலாம் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டது. 2020-இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இது இடம்பெற்றது. தாய் வந்து பார்ப்பதை உலகத்துச் சட்டமே அனுமதிக்கும்போது, சபை நடத்தும் காப்பகம் கதவைச் சாத்தலாமா?

நான்காவது, பேசத் தெரிந்த பிள்ளையிடம் மெதுவாகக் கேளுங்கள். "ஆயா உன்னை அடித்தார்களா?" என்று பதிலை வாயில் ஊட்டாமல், "இன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டு வருத்தவேண்டாம். குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு முன்பாகப் பிள்ளையை நிறுத்தவே வேண்டாம். ஒருவரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

ஐந்தாவது, குற்றஞ்சாட்டப்பட்டவரையும் கேளுங்கள். நன்றாய் விசாரிக்கவேண்டும் என்று நியாயாதிபதிகளுக்கு மோசே கட்டளையிட்டார் (உபாகமம் 19:18). ஆகிலும் இரண்டு மூன்று சாட்சிகள் இல்லையே என்று சொல்லி, ஒரு பிள்ளையின் முறையீட்டைத் தள்ளிவிடாதிருங்கள். காயமும் சாட்சிதான், பதிவேடும் சாட்சிதான், உடைந்த தாழ்ப்பாளும் சாட்சிதான். விசாரணை முடியும்வரை அந்த நபரைப் பிள்ளைகளைவிட்டு விலக்கி வையுங்கள். இது தண்டனை அல்ல, காவல்.

சபை விசாரிக்கக்கூடாத காரியம்

ஒரு எல்லையையும் சொல்லவேண்டும். தாழ்ப்பாளும் ஆள் குறைவும் நாம் விசாரித்துச் சரிசெய்யவேண்டியவை. ஆனால் ஒரு பிள்ளைக்கு விரோதமாகப் பாலியல் குற்றம் நடந்திருக்கலாம் என்று தெரிந்தாலோ, அஞ்சினாலோ, அது மூப்பர் கூட்டத்தில் பேசித் தீர்க்கும் காரியமே அல்ல. போக்சோ என்று அழைக்கப்படும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அதை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும். போதகருக்கு விதிவிலக்கு இல்லை. தெரிவியாதவருக்கு ஆறு மாதம் வரையும், தன் கீழ் வேலைசெய்பவரின் குற்றத்தை மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரையும் சிறைத்தண்டனை உண்டு. நல்ல மனதோடு தெரிவித்தவர்மேல் வழக்கு வராது. பிள்ளையைக் காவல் நிலையத்திற்கு இழுக்கவேண்டியதும் இல்லை. வீட்டிலேயே, சீருடை அணியாத அதிகாரி, கூடுமானவரை பெண் அதிகாரி, வாக்குமூலம் எழுதவேண்டும் என்கிறது அச்சட்டம். காப்பகப் பணியாளர் ஒரு பிள்ளையைத் தாக்கினாலோ, வேண்டுமென்றே புறக்கணித்தாலோ, 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

யாரிடம் சொல்வது, இந்தி தெரியாதே, மராட்டி தெரியாதே என்று கலங்காதிருங்கள். 1996-இல் இதே மும்பையில் தொடங்கப்பட்ட 1098 என்னும் குழந்தைகள் உதவி எண் இன்று நாடெங்கும் அரசின் பொறுப்பில் இரவும் பகலும் இயங்குகிறது. மொழி தெரிந்த ஒரு வாலிபனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.

சாட்சி கெட்டுப்போகும் என்று பயப்படுகிறவர்கள் ஏலியை நினைத்துக்கொள்ளுங்கள். ஜனங்கள் முறையிட்டதை அவர் கேட்டார், தம் குமாரரை வார்த்தையால் கடிந்தும் கொண்டார், அடக்கவோ இல்லை. முறையீட்டை மூடியதினால் அவருடைய வீடு காக்கப்படவில்லை.

எங்கள் காப்பகத்திற்கு அதே வாரத்தில் புதுத் தாழ்ப்பாள் போட்டோம். பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்தோம். உதவிப் பெண்ணை இனி எந்தச் சபை வேலைக்கும் அனுப்புவதில்லை என்று எழுதி ஒட்டினோம். அடுத்த ஞாயிறு ஆராதனையில், அந்தச் சகோதரியின் பெயரைச் சொல்லி, அவர்களிடத்தில் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் பல ஆண்டுகள் அந்தக் காப்பகத்தின் மேற்பார்வையாளராயிருந்தார்கள்.

அன்று அடிபட்ட பிள்ளை இப்போது ஒரு தாய். சற்றே சாய்ந்துதான் நடப்பாள். சென்ற மாதம் தன் குழந்தையைச் சேர்க்க எங்கள் காப்பகத்திற்கு வந்தாள். விண்ணப்பத் தாளை நான் நீட்டியபோது அதை வாங்கவில்லை. முதலில் கதவண்டை சென்று தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள், மறுபடியும் போட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "ஐயா, மத்தியானத்தில் இங்கே எத்தனை பேர் இருப்பார்கள்?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு பேர் என்று சொல்லி, அவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பிரியமான தாய்மாரே, நீங்களும் அப்படியே கேளுங்கள். உடன் ஊழியரே, கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லுங்கள். சிறு பிள்ளைகளைத் தம்மிடத்தில் வரவிடச் சொன்ன நம் ஆண்டவர், நம்மை நம்பி விடப்பட்ட ஒவ்வொரு பிள்ளையையும் குறித்து நம்மிடத்தில் கணக்குக் கேட்பார். அந்நாளில் வெட்கப்படாதபடி, இந்நாளில் விசாரிக்கிறவர்களாய் இருப்போமாக.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.